வீரணனின் மூத்த மகன்

டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே போயிருப்பது பத்தொன்பது. இடையில் இருபத்தொரு பேர். ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று வைத்தால் ஒன்றே முக்கால் மணி நேரம். அதற்குள் ஒரு பொய்யை நன்றாகத் தேய்த்து மடித்து வைத்துக்கொண்டுவிடலாம் என்று சோணைமுத்து நினைத்தான். பொய் ஒன்றும் புதிதல்ல. முப்பத்தெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில், டிரைவிங் லைசென்ஸில், கல்யாணப் பத்திரிகையில், பஸ் டெப்போவில் என்று எங்கே கேட்டாலும் கூசாமல் சொல்லிப் பழகியதுதான். அப்பா இல்லை, எண்பத்தாறில் மாரடைப்பில் போய்விட்டார். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், கேட்கிறவர்கள் அடடா என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் இன்றைக்குக் கேட்கப் போகிறவர் அடடா என்று விடுகிற ஆள் இல்லை. போன வாரம் போனில் பேசிய அந்த ஜெசிந்தா அம்மா இந்த ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளர். நோயாளியிடம் டாக்டர் பேசுவார், நோயாளியின் வீட்டாரிடம் இவர் பேசுவாராம். "உங்க தம்பி மாயழகைப் பத்தி கோர்ட்டுக்கு ரிப்போர்ட் அனுப்பணும்ணே. சின்ன வயசுல எப்படி இருந்தாரு, தலையில அடிபட்டுச்சா, வலிப்பு வந்துச்சா, அதெல்லாம் வேணும். முக்கியமா உங்க அப்பா வழியில அம்மா வழியில யாருக்காச்சும் இந்த மாதிரி இருந்துச்சா, அப்பா எப்படி இறந்தாரு, நல்லா யோசிச்சு வெச்சுக்கிட்டு வாங்க" என்று அவர் சொன்னபோது சோணைமுத்து வண்டியை டெப்போவில் விட்டுவிட்டு டயரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். யோசித்து வைத்துக்கொண்டு வர வேண்டுமாம். யோசிக்காமல் இருப்பதற்குத்தானே இத்தனை வருஷமும் அவன் பாடுபட்டது.

பெஞ்சு நீளமானது, சிமெண்டுத் தரையில் பினாயில் ஈரம் இன்னும் காயவில்லை. தாழ்வாரத்தின் கடைசியில் கம்பிக் கதவு, அதற்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டுத் தினத்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கதவுக்குப் பின்னால்தான் மாயழகு இருக்கிறான். ஜெயிலிலிருந்து இங்கே கொண்டுவந்து பதினோரு நாளாகிறது. சோணைமுத்து கதவைப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக எதிர்ச் சுவரைப் பார்த்தான், சுவரில் மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்று எழுதியிருந்தது, அதை ஏழு தடவை படித்தான், எட்டாவது தடவை கதவைத்தான் பார்த்தான். பக்கத்தில் மேலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர், தோளில் பச்சைத் துண்டு, வந்து உட்கார்ந்ததிலிருந்து பேச்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தவர், "ஆருக்குப் பாக்க வந்தீக?" என்றார். தம்பிக்கு என்றால் தம்பிக்கு என்ன என்பார். என்ன என்றால் என்ன சொல்வது, ஒரு மனிதனைக் கடப்பாரையால் அடித்துக் கொன்றுவிட்டான் என்றா. "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டான் சோணைமுத்து. அவர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, "பாத்தாத் தெரியலையேய்யா" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம். பார்த்தால் தெரியாது. மாயழகைப் பார்த்தாலும் தெரிந்திருக்காது. நோட்டுப் புத்தகம் பைண்டிங் செய்கிற பிரஸ்ஸில் இருபது வருஷம் வேலை பார்த்தான், ஒரு நாள் கூட யாரையும் அதட்டிப் பேசியவன் இல்லை, விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரியும், அதை உரித்துக்கொண்டே சிரிப்பான். அந்த விரல்கள் என்று நினைத்ததும் சோணைமுத்து தன் விரல்களை மடக்கிக்கொண்டான்.

வைகாசியில் நடந்தது. காலை ஏழு மணி. வில்லாபுரத்தில் மாயழகு மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தான், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். கீழ் வீட்டு தேவசகாயம் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாரும் சொல்லாவிட்டாலும் நாலு குடித்தனத்துக்கும் உழைக்கிற மனிதர், அன்றைக்கு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி நிரப்பிவிட்டு, நல்லதுதானே என்று ஒரு கை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். மாயழகு அதைப் பார்த்துவிட்டான். எத்தனை வருஷமாகத் தண்ணீரில் யாரோ எதையோ கலக்குகிறார்கள் யாரோ கலக்குகிறார்கள் என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தவனுக்கு முன்னால் உண்மையாகவே ஒரு ஆள் தொட்டியில் எதையோ கலக்கிக்கொண்டு நிற்கிறார். கடப்பாரை பக்கத்தில் கிடந்தது. அது பக்கத்தில் கிடக்காமல் இருந்திருந்தால் என்று சோணைமுத்து நாலு மாதமாக நினைக்காத நாளில்லை, கடப்பாரையை யார் அங்கே போட்டார்கள், வீட்டுக்காரரா, கொத்தனாரா, கொத்தனார் ஏன் மறந்தார். கிடந்தது, அவ்வளவுதான். தேவசகாயத்தின் மனைவி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தாள், அழக்கூட இல்லை, அவர் கையிலிருந்த பிளீச்சிங் பாக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தை சோணைமுத்து பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தான். சட்ட உதவி மையத்திலிருந்து கொடுத்த வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தாலும் விவரமானவர். "சுயபுத்தி இல்லாம செஞ்சதுன்னு காட்டணும் சார். அப்பத்தான் ஜெயிலுக்குப் பதிலா வைத்தியம் கிடைக்கும். இல்லேன்னா ஆயுள்தான். பரம்பரையில யாருக்காச்சும் இருந்திருந்தா ரொம்ப நல்லது" என்றார். ரொம்ப நல்லது. அந்த வார்த்தையை அப்படி ஒரு இடத்தில் வைத்து சோணைமுத்து கேட்டதே இல்லை.

இருந்தது. அதுதானே மடியில் கட்டியிருக்கிற நெருப்பு. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மாயழகு சொன்னதைப் படித்துக் காட்டியபோது சோணைமுத்து மேஜையைப் பிடித்துக்கொண்டான், தம்பிப் பாசம் என்று அவர்கள் நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பாசமில்லை, பயம். 'தண்ணில என்னத்தையோ கலக்குறாய்ங்க. நான் பாத்தேன்.' அது மாயழகின் வார்த்தை இல்லை. அது அப்பாவுடையது, எழுத்துக்கு எழுத்து. எண்பத்தாறில் உசிலம்பட்டிக்கு மேற்கே அவர்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றடியில், பங்காளி வீட்டு அண்ணனை அரிவாளால் வெட்டிவிட்டு, ரத்தம் ஒழுக வீட்டுக்கு வந்து, பத்து வயது சோணைமுத்துவைப் பார்த்து வீரணன் சொன்ன வார்த்தை. கலக்குறாய்ங்கடா சோணை, நான் பாத்தேன். மாயழகுக்கு அப்போது மூன்று வயது, அடுப்படியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் கேட்கவில்லை. கேட்காத வாக்கியம் முப்பத்தெட்டு வருஷம் கழித்து அவன் வாயில் எப்படி வந்தது? மூக்கு வரும், முடி வரும், சர்க்கரை வரும் பரம்பரையில். ஒரு வாக்கியம் வருமா? வந்திருக்கிறதே. அப்படியென்றால் அது தனக்குள்ளும்தான் கிடக்கும், தன் ரத்தத்திலும் எங்கேயோ ஒரு மூலையில் அது உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருக்கும். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்பார்கள், பெருமையாகத்தான் சொல்வார்கள், பரிசு வாங்கிய பிள்ளையைப் பார்த்து. வீரணனின் மூத்த மகனைப் பார்த்து யாராவது அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

இருபத்தாறு. நர்சு வந்து எண்ணைக் கூப்பிட்டுவிட்டுப் போனார். அம்மா அங்கம்மாளைத்தான் இதற்கெல்லாம் கேட்க வேண்டும், கேட்க அவள் இல்லை, இரண்டாயிரத்து நாலில் போய்விட்டாள், அவள் நிஜமாகவே போனாள். அப்பாவுக்கு ஆயுள் தண்டனை ஆனதும் அவள் இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு மதுரைக்கு வந்து, மாமா வீட்டில் தங்கி, செய்த முதல் காரியம் புருஷனுக்குக் கருமாதி. காணாமல் போனவனுக்கு, செத்தும் உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலில் பொம்மை செய்து எரிக்கிற வழக்கம் உண்டு. உயிரோடு ஜெயிலில் சோறு தின்றுகொண்டிருப்பவனுக்கு அதைச் செய்தவள் அவள்தான். வைக்கோல் பொம்மைக்கு அப்பாவின் வேட்டியைக் கட்டி வைகை மணலில் எரித்தார்கள், சோணைமுத்து மொட்டைத் தலையோடு கொள்ளி வைத்தான், மாயழகு மாமா இடுப்பில் இருந்தபடி பொம்மை எரிவதை வேடிக்கை பார்த்துக் கை தட்டினான். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. அப்பாவின் தாத்தா காலத்தில் ரேகைச் சட்டம் என்று ஒன்று. அந்த ஊர்களில் ஆண்பிள்ளையாகப் பிறந்தால் போதும், பிறவியிலேயே திருடன் என்று வெள்ளைக்காரன் எழுதிவைத்துக்கொண்டான், பத்து விரலையும் மையில் தோய்த்துக் கொடுக்க வேண்டும், பொழுது சாய்ந்தால் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் படுக்க வேண்டும், புது மாப்பிள்ளைக்கும் விலக்கில்லை. எவன் செய்தான் என்று பார்ப்பதில்லை, எவனுக்குப் பிறந்தான் என்றுதான் பார்த்தார்கள். சட்டம் போய்விட்டது, பயம் போகவில்லை. 'சர்க்காரு ஏட்டுல நம்ம பேரு ஏறக்கூடாதுடா, ஏறுனா இறங்காது. கொலைகாரன் மகன்னு ஒரு தடவ எழுதிப்புட்டா உன் பேரன் காலத்துக்கும் அழியாது' என்று அம்மா சொல்வாள். அதனால் அப்பா பெயருக்கு முன்னால் லேட் என்று போடச் சொன்னாள். சோணைமுத்து போட்டான், போகிற இடமெல்லாம் போட்டான். அப்படிப் போட்டுத்தான் சர்க்கார் பஸ்ஸே ஓட்டுகிறான்.

ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தான். வேலை கிடைத்த புதிதில், தொண்ணூற்றெட்டில். அப்பாவை அதற்குள் ஜெயிலிலிருந்து வெளியூரில் ஒரு மனநல ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். பெருமையைக் காட்ட வேண்டும் என்று யூனிபாரத்தோடு போனான், மடத்தனம், காக்கிச் சட்டையைப் பார்த்ததும் வீரணன் எழுந்து சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "நான் ஒண்ணும் செய்யல எசமான்" என்றார். நான் சோணை என்று சொல்லியும் கேட்கவில்லை. கொண்டுபோன இனிப்பைத் தொடவில்லை, டம்ளர் தண்ணீரை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அந்த ஒரு காட்சியோடு சோணைமுத்து திரும்பி வந்துவிட்டான், அப்புறம் போகவில்லை. இப்போது அவர் இருக்கிறாரா இல்லையா என்பது கூட அவனுக்குத் தெரியாது. பெற்ற தகப்பன் செத்தானா பிழைத்தானா என்று தெரியாத மகன் ஒருவன் இந்த ஊரில் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வண்டி எடுக்கிறான். இருந்தால் எண்பதுக்குப் பக்கமாக இருக்கும். எங்கேயாவது ஒரு வார்டில் இன்னும் டம்ளரை மோந்து பார்த்துக்கொண்டிருப்பாரோ. இல்லை, இருக்க மாட்டார். இருக்கக் கூடாது. இப்படி நினைக்கிறவன் கொலைகாரன் இல்லாமல் வேறு என்ன என்று உடனே இன்னொரு நினைப்பு வந்தது, வந்தால் சும்மா போகாது, ஒன்றன்பின் ஒன்றாக நாலைக் கூட்டிக்கொண்டு வரும்.

கைதான வாரத்திலேயே மாயழகின் மூளையை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஏதாவது இருக்க வேண்டும் என்று சோணைமுத்து கோயிலுக்கு வேண்டிக்கொண்டான், ஒரு கட்டி, ஒரு தழும்பு, மாயழகுக்கு மட்டும் சொந்தமான ஏதோ ஒன்று, பரம்பரைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. ஒன்றுமில்லை, சுத்தமாக இருக்கிறது என்று வந்தது. டாக்டரம்மா, "ஸ்கேன்ல எல்லாம் தெரிஞ்சிடாதுங்க, பேசித்தான் கண்டுபிடிக்கணும்" என்றார். அதற்குப் பிறகுதான் போனில் வீடியோ பார்க்கிற வியாதி பிடித்தது. குற்றவாளியின் மூளை, கொலைகாரனின் ஜீன் என்று தேடத் தேட அது கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் மண்டை ஓட்டை அளந்து பார்த்தார்களாம், தாடை இப்படி இருந்தால் திருடன், காது இப்படி இருந்தால் கொலைகாரன் என்று. அதெல்லாம் தப்பு என்று அந்த வீடியோவிலேயே பிற்பாதியில் சொல்கிறார்கள், ஆனால் அதற்குள் சோணைமுத்து பஸ் கண்ணாடியில் தன் காதைப் பார்த்துவிட்டான். இன்னொன்றில், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் பிரேக் மாதிரி, சிலருக்கு அது சரியாகப் பிடிக்காது என்றார்கள். பிரேக் என்ற வார்த்தையை ஒரு டிரைவரிடம் சொல்லலாமா? மறுநாள் கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நின்றது. முன்னால் காலேஜ் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் ரோட்டைக் கடக்கிறார்கள். இப்போது பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் என்ன ஆகும் என்று ஒரு நினைப்பு, யாரோ பக்கத்தில் இருந்து சொன்ன மாதிரி, சாதாரணமாக வந்தது. சோணைமுத்து பிரேக்கை மிதித்த மிதியில் கால் ஆடுசதை பிடித்துக்கொண்டது. சிக்னல் விழுந்தும் எடுக்கவில்லை, பின்னால் ஹாரன், கண்டக்டர் வந்து "என்னண்ணே, தூங்கிட்டீகளா" என்றார். அன்றிலிருந்து தினமும் வருகிறது. சிம்மக்கல் வளைவில் பூக்காரம்மாவைப் பார்த்தால் ஸ்டியரிங்கை ஒடித்தால் என்ன என்று வரும். இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியதற்குக் கேடயம் வாங்கியவனுக்கு வரும். வீட்டில் மனைவி பாண்டிமீனா தேங்காய் உடைக்க அரிவாளைக் கொடுத்தால், கை வலிக்கிறது நீயே உடை என்று சொல்கிறான். அவளும் தைலம் தேய்த்துவிடுகிறாள், அவளுக்கு என்ன தெரியும். இதை யாரிடமாவது சொன்னால் டெப்போவுக்குப் போகும், மெடிக்கலுக்கு அனுப்புவார்கள், வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஒரு நாள் அது நடக்கும்.

பிறகு சர்மிளா. மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். சித்தப்பா என்றால் உயிர் அவளுக்கு, நோட்டு நோட்டாகத் தைத்துக் கொடுத்து வளர்த்தவன். அவள் பாடத்தில் இருக்கிறதாம், படித்துவிட்டு வந்து, "அப்பா, இந்த வியாதி பாதி பரம்பரையா வரும்னு போட்டிருக்கு. நம்ம வீட்டுல யாருக்கும் இல்லைல்ல? அப்ப சித்தப்பாவுக்கு எங்கேருந்துப்பா வந்துச்சு?" என்றாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவன் பிசைந்துகொண்டே இருந்தான். உண்மை கோர்ட்டுக்குப் போனால் அவளுக்கும் போகும். அவள் முகத்தில் என்ன மாறும் என்று சோணைமுத்துவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தன்னையே அவள் கண்ணாடியில் பார்க்க ஆரம்பிப்பாளே, காதையும் தாடையையும். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் தகப்பன் கொடுக்கிற சீதனமா அது. கொடுக்காவிட்டால் தம்பிக்கு ஆயுள். வைத்தியம் இல்லாத ஆயுள், ஜெயில் தண்ணீர் ஒவ்வொரு டம்ளரையும் பயந்து பயந்து குடிக்கிற ஆயுள். முப்பத்திரண்டு என்று கூப்பிட்டார்கள். மேலூர்க்காரர் எழுந்து போனார், போகும்போது தோளில் தட்டி, "சரியாப் போயிரும்யா" என்றார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சோணைமுத்து தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான், சொத்தைப் பல்லின் பக்கமாக நாக்கு போய்ப் போய்த் திரும்புவது போல. ஆறு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு மாயழகு வீட்டுக்கு வந்தான். பாண்டிமீனா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கியவன் மூக்கருகில் கொண்டுபோனான். மோந்து பார்த்தான். கீழே வைத்தான். வைத்துவிட்டு, "அண்ணே, இது எந்தத் தண்ணி?" என்றான், சும்மா கேட்கிற மாதிரி, ஆனால் கண் சும்மா இல்லை, பயந்துபோய் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கணமே சோணைமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டருக்குப் படித்தவனுக்குக் கூட அப்படித் தெரிந்திருக்காது. "கார்ப்பரேஷன் தண்ணிதான்டா, குடி" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். போனால் முதல் கேள்வி என்ன கேட்பார்கள் என்று தெரியும், அப்பாவைக் கேட்பார்கள். அடுத்த வருஷம் மாயழகு தனக்கென்று ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவந்தான். அதற்கடுத்த வருஷம் வரவே இல்லை. ஆறு வருஷம். ஒவ்வொரு வருஷமும் இந்தத் தாழ்வாரம் இங்கேதான் இருந்தது, இந்த பெஞ்சும், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள் என்கிற சுவரும். தேவசகாயம் ஆறு வருஷமும் கீழ் வீட்டில் உயிரோடுதான் இருந்தார். ரத்தத்தை விட்டுத்தள்ளு, ஜீனை விட்டுத்தள்ளு. வாயை மூடிக்கொண்டிருந்தது எந்த ஜீன்? நாற்பது என்று கூப்பிட்டார்கள். எழுந்து போய்விடலாம், வண்டி டூட்டி இருக்கிறது என்று போனில் சொல்லிவிடலாம் என்று எழுந்தும் விட்டான். நாற்பதாம் நம்பர் ஆள் வரவில்லை போலிருக்கிறது, நர்சு அவன் எழுந்ததைப் பார்த்து, "நாற்பத்தொண்ணா? வாங்க" என்று கதவைத் திறந்து பிடித்தார்.

ஜெசிந்தா முப்பத்தைந்து வயதுக்காரர், கண்ணாடி போட்டிருந்தார், மேஜையில் ஒரு கோப்பு விரிந்திருந்தது. "உக்காருங்கண்ணே" என்றார். வெள்ளைத் தாளில் கட்டமும் வட்டமுமாகக் கோடிழுத்திருந்தது. ஆம்பளைக்குக் கட்டம், பொம்பளைக்கு வட்டம், வியாதி இருந்தால் கருப்படிப்போம் என்று அவரே சொன்னார். மாயழகின் கட்டம் கருப்பாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் சோணைமுத்துவின் கட்டம், அதற்குக் கீழே கோடிழுத்து ஒரு சின்ன வட்டம், அது சர்மிளாவாகத்தான் இருக்க வேண்டும். மேலே அப்பாவின் கட்டம் வெறுமையாக இருந்தது. ஏட்டில் ஏறினால் இறங்காது என்று அம்மா சொன்னது இந்த ஏடுதான் என்று அவனுக்குத் தோன்றியது. தலையில் அடிபட்டதா, இல்லை. வலிப்பு, இல்லை. படிப்பு, எட்டாவது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான், குரல் எங்கிருந்தோ வந்தது.

"அப்பா எப்ப இறந்தாரு?"

"எண்பத்தாறு. மாரடைப்பு."

பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஜெசிந்தா எழுதவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"உங்க தம்பிகிட்டயும் கேட்டேன்ணே. அவரு, அண்ணன் என்ன சொல்றாரோ அதையே எழுதிக்கங்கன்னாரு."

"அவனுக்கு என்ன தெரியும்மா, மூணு வயசு."

"இல்லண்ணே. அவரு எல்லாத்தையும் சொன்னாரு. சொல்லிட்டு, அண்ணன் சொல்லலைன்னா நான் சொன்னதக் கிழிச்சுப் போட்டுருங்கன்னாரு. இது உங்களுக்கு உதவுறது, ஏன் கிழிக்கணும்னு கேட்டேன். அண்ணனுக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்குன்னாரு."

சோணைமுத்து தாளில் இருந்த அந்தச் சின்ன வட்டத்தைப் பார்த்தான். தெரிந்திருக்கிறது. மாயழகுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, அண்ணனுக்குத் தெரியும் என்பதும் தெரிந்துகொண்டு, அந்தப் பொங்கலன்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்தானே, அது தண்ணீரைப் பற்றிய கேள்வியே இல்லை. எனக்கும் வந்துவிட்டதா அண்ணே என்று கேட்டிருக்கிறான். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

"எங்கப்பா எண்பத்தாறுல சாகலம்மா" என்றான். ஒவ்வொரு வார்த்தையாக இறக்கி வைத்தான். கிணற்றடி, அரிவாள், வைக்கோல் பொம்மை, காக்கிச் சட்டை, எல்லாம். "எப்பச் செத்தாருன்னு எனக்குத் தெரியாது. இருக்காரான்னுகூடத் தெரியாது."

ஜெசிந்தா கோப்பைப் புரட்டினார். "ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, ஆவணி மாசம். தம்பிதான் கொள்ளி வெச்சிருக்காரு. உங்கம்மா இறந்தப்ப பெட்டியில ஜெயில் கடிதாசி இருந்திருக்கு. அதுலேருந்து மாசம் ஒரு தடவ போய்ப் பாத்திருக்காரு, ஏழு வருஷம். பைண்டிங் லீவு ஞாயித்துக்கிழமைல."

ஏழு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள். சோணைமுத்துவுக்கு இன்னொன்றும் விளங்கியது, விளங்கியதும் அது நிம்மதியா வேறொரு பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. "அப்ப அந்தப் பேச்சு, தண்ணில கலக்குறாய்ங்கன்னு, அது அப்பாகிட்டக் கேட்டுத்தான் அவனுக்கு வந்துச்சாம்மா? ரத்தத்துல வரலையா?"

"ரெண்டும் இருக்கலாம்ணே. இதுனாலதான்னு ஒண்ணக் கை காட்ட எங்களாலயே முடியாது. பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கு வர வாய்ப்பு கொஞ்சம் ஜாஸ்தி, அவ்வளவுதான், எல்லாருக்கும் வந்துடாது. வந்தவங்களும் எல்லாரும் அடிக்கிறதில்ல, முக்கால்வாசிப் பேரு தானாப் பயந்து ஒடுங்கித்தான் போவாங்க. முதல்லயே யாராச்சும் கூட்டிட்டு வந்திருந்தா மாத்திரையிலயே நின்னிருக்கும்." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், யாரையும் குத்திச் சொல்லவில்லை. பேனாவைத் திறந்து அப்பாவின் கட்டத்தைக் கருப்படித்தார். கை அங்கிருந்து இறங்கி வந்து மாயழகின் பக்கத்துக் கட்டத்தின் மேல் நின்றது. "உங்களுக்கு எப்படிண்ணே? தூக்கம் இருக்கா? வேண்டாத நினைப்பு ஏதாச்சும் வருதா?"

இல்லை என்று சொல்ல வாய் ரெடியாக இருந்தது. "வண்டி ஓட்டும்போது வரும்மா" என்றான் சோணைமுத்து. "ஒடிச்சு விட்டுரு, ஆளு மேல ஏத்திருன்னு வரும். நாலு மாசமா."

ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "அந்த நினைப்பு வர்றப்ப உங்களுக்கு எப்படி இருக்கும்ணே?"

நாலு மாதத்தில் அப்படி ஒரு கேள்வியை அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நினைப்பு வருகிறதே என்றுதான் பார்த்தான், எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. மாயழகிடமும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். டம்ளரைக் கீழே வைத்த அந்தப் பகலில் ஒருத்தன் திரும்பி உட்கார்ந்து, உனக்கு எப்படிடா இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், அவன் சொல்லியிருப்பான், சொல்லத்தான் வந்திருந்தான்.

"பயமா இருக்கும்மா" என்றான். "ரொம்பப் பயமா இருக்கு."